தில்லித் தொண்டைக்கு ஊர்க் கஷாயம்: கோளாறு பார்த்துச் சரிசெய்யும் முறை

நவம்பர் பிறந்துவிட்டால் கரோல் பாகில் எங்கள் கட்டடத்தில் முதலில் காலியாவது மிளகு டப்பா. வீட்டுக்கு ஒருவருக்காவது தொண்டை கட்டியிருக்கும். ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ தொலைபேசியில் செய்முறை சொல்லியிருப்பார்கள். சொன்னபடியே காய்ச்சிக் குடித்துவிட்டு, இரண்டாம் நாள் காலையில் என் கதவைத் தட்டுவார்கள். "அக்கா, குடித்த பிறகுதான் கூடுதலாக எரிகிறது. என்ன தப்பு செய்தேன்?"

இருபத்திரண்டு வருடங்களாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. தொண்டை கெட்டால் சமையலறைக்குப் போகிற கூட்டத்தில் ஒருத்தி, அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் எனக்குப் புரிந்தது ஒன்று: சரக்கு கெட்டதால் கஷாயம் பொய்த்தது என்பது அபூர்வம். பாட்டியின் பக்குவம் ஐப்பசி அடைமழையில் கோழை கட்டிய தொண்டைக்கு ஏற்பட்டது. அங்கே சுக்கும் மிளகும் திப்பிலியும் கோழையை இளக்கின, உடம்புக்குச் சூடு கொடுத்தன. தில்லியின் நவம்பர் தொண்டையோ காய்ந்த தொண்டை. புகையும் வறண்ட குளிரும் சேர்ந்து உரசிவிட்ட தொண்டை. அதில் மிளகைக் கொட்டினால் சிராய்ப்பில் மிளகாய் தடவிய கதைதான். ஆகவே கஷாயத்தைத் திருத்துவதற்கு முன்னால் தொண்டை எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவு இது

உப்பு நீருக்கு, ஒரு டம்ளர் (சுமார் 240 மில்லிலிட்டர்) வெதுவெதுப்பான தண்ணீரில் கால் முதல் அரைத் தேக்கரண்டி தூளுப்பு. கரைந்ததும் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

கஷாயத்துக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், சுண்டுவிரல் நீளத்துக்கு அதிமதுரம் ஒரு துண்டு, தோல் சீவித் தட்டிய இஞ்சி கட்டைவிரல் நுனியளவு, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு ஆறு, துளசி பத்து இலை, மஞ்சள்தூள் இரண்டு சிட்டிகை. வேரும் மிளகும் முதலில் போக வேண்டும். சிறு தீயில் ஒரு டம்ளராக வற்றியதும் அடுப்பை அணைத்து, துளசியைக் கிள்ளிப் போட்டு, ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். வடிகட்டி, விரல் பொறுக்கும் சூடு வந்த பிறகு ஒரு தேக்கரண்டி தேன். காலையில் பாதி, மாலையில் பாதி. இது போதும்.

சரக்கு வாங்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் தென்னிந்தியக் கடைகளில் தமிழிலேயே கேட்கலாம். பனங்கற்கண்டுகூட அங்கே கிடைக்கும். சாந்தினி சௌக்கை ஒட்டிய காரி பாவ்லிக்குப் போனால் சரக்கு புதிதாக இருக்கும், ஆனால் பெயர் தெரிய வேண்டும். அதிமதுரம் அங்கே முலேட்டி. சுக்கு, சோண்ட். சித்தரத்தை, குலஞ்ஜன். கற்கண்டு, மிஷ்ரி. திப்பிலி கேட்கும்போது மட்டும் நாக்கைக் கவனித்துக்கொள்ளுங்கள். பிப்பலி என்றால் திப்பிலி. பீப்பல் என்றால் அரசமரம். முதல் வருடம் அந்தக் கடைக்காரர் என்னை நல்ல பக்தை என்று நினைத்திருப்பார்.

கோளாறு: குடித்த பிறகு எரிச்சல் கூடுகிறது

பத்துப் பேரில் ஏழு பேர் இதற்காகத்தான் வருகிறார்கள். காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று.

முதலாவது மிளகு. "எத்தனை போட்டீர்கள்?" என்று கேட்டால் "ஒரு கைப்பிடி" என்பார்கள். 2020-ஆம் ஆண்டு கொரோனா நாட்களில் ஆயுஷ் அமைச்சகம் பரிந்துரைத்த கஷாயப் பொடியை நினைத்துப் பாருங்கள். துளசி நான்கு பங்கு, லவங்கப்பட்டை இரண்டு பங்கு, சுக்கு இரண்டு பங்கு, மிளகு ஒரே ஒரு பங்கு. அந்தப் பொடியில் 3 கிராமை 150 மில்லிலிட்டர் கொதிநீரில் போட்டு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு முறை குடிக்கச் சொன்னார்கள். கணக்குப் போட்டால் ஒரு வேளைக்கு மிளகு ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஆறேழு மணி. அந்த வருடம் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு வேளைக்கு இருபது மிளகு, நாளைக்கு நான்கு வேளை என்று குடித்தார்கள். கொரோனா வரவில்லை, வாய்ப்புண் வந்தது.

இரண்டாவது, இஞ்சிக்குப் பதில் அதே அளவு சுக்கு. சுக்கு காய்ந்த இஞ்சிதானே என்று சம அளவில் மாற்றக் கூடாது. இஞ்சி காயும்போது அதன் காரப்பொருளில் ஒரு பகுதி இன்னும் உறைப்பான வேறொரு பொருளாக மாறுகிறது. தண்ணீரும் வற்றிவிடுவதால் காரம் செறிந்துவிடுகிறது. கட்டைவிரல் நுனியளவு இஞ்சிக்குக் கால் தேக்கரண்டி சுக்குப்பொடியே தாராளம்.

மூன்றாவது, சூடு. கஷாயத்தைக் கொதிக்கக் கொதிக்கக் குடித்தால்தான் பலன் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் ஊறியிருக்கிறது. 65 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிக்கும் வழக்கத்தை, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றின் வரிசையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் சேர்த்தது. அத்தனை தூரம் போக வேண்டாம். ஏற்கெனவே புண்ணான இடத்தில் வெந்நீர் பட்டால் வலிக்கத்தான் செய்யும். டம்ளரைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருக்க முடிகிற சூடே தொண்டைக்கும் சரி.

திருத்தம் இப்படி. எரிகிற தொண்டையென்றால் மிளகையும் சுக்கையும் இரண்டு நாள் முழுக்க நிறுத்திவிடுங்கள். அதிமதுரத்தை மட்டும் வேகவைத்து, தேனோ பனங்கற்கண்டோ சேர்த்து, மடக்கு மடக்காகக் குடியுங்கள். படுக்கும்முன் சூடான பாலில் அரைத் தேக்கரண்டி நெய். காரம் கோழையுள்ள தொண்டைக்கு. காய்ந்த தொண்டைக்கு வழவழப்பு.

கோளாறு: காலையில் மட்டும் வலி, பத்து மணிக்கெல்லாம் சரியாகிவிடுகிறது

இதற்குக் கஷாயமே வேண்டாம் என்று சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. ஜனவரியில் கதவு ஜன்னலை இறுக்கி மூடி, கம்பி ஹீட்டரை விடிய விடிய எரியவிட்டுத் தூங்குகிறோம். அறையின் காற்று அப்பளம்போல் காய்ந்துவிடும். மூக்கடைப்பும் இருந்தால் வாயால் மூச்சு. காலையில் தொண்டை சுருக்கென்கிறது. தூங்கப் போகும்போது ஹீட்டரை அணைத்துவிடுங்கள், ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்துவையுங்கள், கம்பளியை ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். ஹீட்டர் எரியும் நேரத்தில் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வைப்பது கொஞ்சம் உதவும். மூக்கடைப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும்.

காலையில் வாயில் புளிப்பு, குரல் கம்மல், நெஞ்சு கரிப்பு இவையும் சேர்ந்திருந்தால் கதை வேறு. இரவில் வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையைச் சுடுகிறது. இவர்கள் வெறும் வயிற்றில் இஞ்சி மிளகுக் கஷாயம் குடிப்பது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பது. எலுமிச்சையும் கூடாது. இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணிநேரம் விடுங்கள். தில்லிக் கல்யாணப் பருவத்தில் இரவு பதினொரு மணிக்குச் சோளே பட்டூரே சாப்பிட்டுவிட்டு என்னிடம் தொண்டைக்கு மருந்து கேட்பவர்களுக்கு நான் ஒன்றும் தருவதில்லை.

கோளாறு: காய்ச்சல் இல்லை, சளி இல்லை, பத்து நாளாகக் கரகரப்பு மட்டும்

ஜன்னலுக்கு வெளியே பாருங்கள். எதிர்க் கட்டடம் தெரியவில்லையென்றால் விடை கிடைத்துவிட்டது. காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டினால் அதைக் 'கடுமை' என்று வகைப்படுத்துகிறார்கள். தீபாவளியை ஒட்டிய வாரங்களில் நாம் பார்க்கிற எண் அது. 2.5 மைக்ரான் அளவுக்கும் சிறிய நுண்துகள்களுக்கு நம் நாட்டு 24 மணிநேர வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார அமைப்பு 2021-இல் வகுத்த வரம்பு 15. புகைநாட்களில் இரண்டுமே நமக்கு எட்டாக் கனி.

எந்தக் கஷாயமும் உள்ளே போகும் புகையை நிறுத்தாது. மூக்கோடு பொருந்தும் என்95 முகக்கவசம் தடுக்கும். மப்ளரை மூக்கைச் சுற்றிக் கட்டினால் குளிருக்கு ஆகும், தூசுக்கு ஆகாது. காலை நடையைச் சில வாரங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போய்வந்ததும் உப்பு நீர்க் கொப்பளிப்பு. தொண்டையில் ஒட்டியிருப்பதைக் கழுவி எடுக்கும். அந்த அளவில் அதற்கு மதிப்பு உண்டு. வாயில் ஒரு துண்டு அதிமதுரத்தை அடக்கிக்கொண்டு ஆபீஸ் போகிறவர்களை எனக்குத் தெரியும். நல்ல பழக்கம்தான், ஆனால் கீழே ரத்த அழுத்தம் பற்றி எழுதியிருப்பதைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

வெளியூர் போன இரண்டு நாளில் தொண்டை தானாகச் சரியானால் புகைதான் என்று உறுதி. திரும்பிவந்து ரயிலை விட்டு இறங்கியதுமே கரகரப்பு தொடங்கும்.

கோளாறு: கொப்பளித்துத் துப்பினால் சிவப்பாக வருகிறது

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. மேலே பர்சாத்தியில் (மொட்டை மாடி அறைக்கு இங்கே அதுதான் பெயர்) குடியிருக்கும் தென்காசிப் பையன் படியில் தடதடவென இறங்கி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, தொண்டையிலிருந்து ரத்தம் வருகிறது. வாஷ்பேசின் முழுக்க ரத்தம்."

மேலே போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பீங்கானில் செம்மஞ்சளாகத் தெறித்திருந்தது. பக்கத்தில் எவர்சில்வர் டம்ளரில் மீதி இருந்தது. அதுவும் அதே நிறம். துப்பாத தண்ணீருக்கு ஏது ரத்தம்?

"தம்பி, இதில் என்னவெல்லாம் போட்டாய்?"

"வெந்நீர், உப்பு, மஞ்சள்தூள்... பிறகு ஒரு வீடியோவில் சமையல் சோடாவும் போடச் சொன்னார்கள், அக்கா."

ஆரத்தித் தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் குழைத்ததும் குங்குமச் சிவப்பாகிறதே, அதே வேலை. மஞ்சள் காரத்தன்மை பட்டால் சிவக்கும்; சுண்ணாம்பு செய்வதைச் சோடாவும் வெந்நீரில் செய்கிறது. அவன் வீட்டில் எலுமிச்சை இல்லை. என் வீட்டிலிருந்து அரை மூடி எடுத்துவரச் சொல்லி டம்ளரில் பிழிந்தேன். நுரைத்துக்கொண்டே பழைய மஞ்சளுக்குத் திரும்பியது. பையன் அந்த டம்ளரைக் கையில் வாங்கிச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "அம்மாவுக்கு ஏற்கெனவே போன் செய்துவிட்டேன்" என்றான்.

ஆகவே சோடா போடுவதென்றால் மஞ்சள் வேண்டாம், மஞ்சள் போடுவதென்றால் சோடா வேண்டாம். இரண்டும் சேர்ந்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, அம்மாக்களுக்குத்தான் ஆகும். மஞ்சளே கலக்காத நீரில் சிவப்பு நூலிழையோ கட்டியோ வந்தால் அது விளையாட்டல்ல, மருத்துவரிடம் போங்கள்.

கோளாறு: உப்பு நீர் பலன் தரவில்லை, அல்லது குமட்டுகிறது

குமட்டினால் உப்பு அதிகம். கண்ணீரைவிடச் சற்றே கரிக்கிற அளவு போதும்; கடல் தண்ணீராக்க வேண்டாம். பலன் இல்லையென்றால் நீங்கள் கொப்பளிப்பது கன்னத்தில். வாய்க்குள் குலுக்கித் துப்புவது பல் விளக்கிய பின் செய்கிற வேலை. தலையை அண்ணாந்து, ஒரு மடக்கைத் தொண்டைக்குழியில் நிறுத்தி, 'ஆ' என்று ஓசை எழுப்பிக்கொண்டே பத்து எண்ணும்வரை களகளக்க வேண்டும். டம்ளர் தீரும்வரை, நாளைக்கு மூன்று நான்கு முறை. உடனே தண்ணீர் குடித்துக் கழுவிவிடாதீர்கள். ஆறு வயதுக்குக் கீழே இது வராது, விழுங்கிவிடுவார்கள்.

கோளாறு: பால் திரிந்துவிட்டது

மஞ்சள் பாலில் இஞ்சியைத் துருவிப் போட்டு அடுப்பில் வைத்தீர்கள், அது பன்னீராகிவிட்டது. பச்சை இஞ்சியில் பாலின் புரதத்தை வெட்டும் ஒரு நொதி இருக்கிறது. மிதமான சூட்டில்தான் அதற்குக் கொண்டாட்டம். கொதித்தால் அடங்கிவிடும். எனவே இஞ்சியைக் கால் டம்ளர் தண்ணீரில் மூன்று நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்டு, அதன் தலையில் பாலை ஊற்றுங்கள். வெல்லத்தாலும் திரியும், அதில் இருக்கும் புளிப்பால். பால் இறங்கிச் சற்று ஆறிய பின் வெல்லம். பனங்கற்கண்டில் இந்தத் தொல்லை எனக்கு நேர்ந்ததில்லை.

திரிந்த பாலைக் கொட்டிவிடாதீர்கள். சர்க்கரை சேர்த்துக் கிளறினால் இஞ்சி மணக்கும் திரட்டுப்பால் மாதிரி ஒன்று வரும்.

கோளாறு: மஞ்சள் அடியில் வண்டலாகத் தங்குகிறது

தங்கத்தான் செய்யும். மஞ்சளின் முக்கியமான சத்தான குர்குமின் தண்ணீரில் கரைவது மிகக் குறைவு, கொழுப்பில்தான் கரையும். கொழுப்புள்ள பாலில், அல்லது நெய்யில் ஒரு சுற்றுப் பிரட்டிய பிறகு போடுங்கள். ஒரு சிட்டிகை மிளகும் இங்கே பயன்படும். பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், மிளகின் காரப்பொருளான பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது மனிதர்களின் ரத்தத்தில் குர்குமின் இருபது மடங்கு அதிகமாகச் சேர்ந்தது. அவர்கள் கொடுத்தது 2 கிராம் குர்குமினோடு வெறும் 20 மில்லிகிராம் பைப்பரின். மஞ்சளோடு மிளகு என்று நம் பாட்டிகள் ஆய்வகம் போகாமலே சேர்த்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் மிளகுப் பொங்கல் அளவுக்குப் போடவில்லை.

வண்டல் தங்காமல் தண்ணீர் முழுக்கப் பளீரென்று மஞ்சளாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் வீட்டுச் சோதனை இது: ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைப் போட்டு விட்டுவிடுங்கள். நல்ல தூள் வெளிர் மஞ்சள் விட்டுக் கீழே இறங்கும். சாயம் கலந்தது தண்ணீரை அடர்த்தியாக நிறமேற்றும். நான் விரலி மஞ்சள் வாங்கி மிக்ஸியில் அரைத்துக்கொள்கிறேன். மிக்ஸியின் மூடிக்குச் சாபம்தான், ஆனாலும் நிம்மதி.

கோளாறு: தேன் கட்டிதட்டிவிட்டது

தில்லிக் குளிரில் தேன் மணல்மணலாக உறைவது இயல்பு. சர்க்கரைப்பாகு கலந்திருக்கிறது என்று தூக்கியெறிய வேண்டாம். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் அரைமணி நேரம் வைத்தால் இளகிவிடும்; அடுப்பில் நேராக வைக்காதீர்கள், மணம் போய்விடும். மறுபுறம், உறையாத தேனெல்லாம் சுத்தம் என்றும் இல்லை. தில்லியில் இருக்கும் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் 13 பிராண்டுத் தேனைப் பரிசோதித்ததில் எல்லாச் சோதனைகளிலும் தேறியவை மூன்றே. தண்ணீரில் ஊற்றிப் பார்ப்பது, துணியில் தொட்டு எரிப்பது முதலிய வீட்டுச் சோதனைகள் இப்போதைய பாகுகளிடம் எடுபடாது.

இஞ்சிச் சாற்றைத் தேனில் ஊற்றிப் பாட்டிலில் வைத்தது ஒரு வாரத்தில் நுரைத்துப் புளிக்கிறதா? இஞ்சியின் தண்ணீர் தேனை நீர்க்கச் செய்துவிட்டது, நொதிக்கத் தொடங்கிவிட்டது. கொட்டிவிடுங்கள். அன்றன்றைக்குக் கலப்பதே நல்லது. சேர்த்து வைக்க வேண்டுமென்றால் சாற்றுக்குப் பதில் சுக்குப்பொடி.

கோளாறு: கசந்து வழிகிறது, யாரும் குடிக்க மாட்டேன் என்கிறார்கள்

துளசியை முதலிலிருந்தே கொதிக்கவிட்டிருப்பீர்கள். மணம் ஆவியோடு போய்விடும், கசப்பு மட்டும் தங்கும். இலை எதுவானாலும் அடுப்பை அணைத்த பிறகு. எலுமிச்சையைத் தோலோடும் விதையோடும் கொதிக்கவிட்டாலும் இதே கசப்பு. அதிமதுரத்தைக்கூட அரைமணிக்கு மேல் கொதித்தால் இனிப்புக்குப் பின்னால் ஒரு கைப்பு வால் நீளும்.

ஜனவரியில் துளசிக்கு எங்கே போவது என்பது தனிப் பிரச்சினை. இங்கே பனியில் செடி கருகிவிடும். கற்பூரவல்லி அதற்கும் முன்னால் போய்விடும். அக்டோபரிலேயே இலையைப் பறித்து நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்கிறேன். உலர்ந்தது பாதி அளவு போதும். ஆடாதொடை நம் பக்கத்துக் காட்டுமேட்டிலேயே புதராக வளர்கிறது என்று சிலர் பறித்துவருகிறார்கள். சாலையோரப் புகையெல்லாம் அந்த இலையின்மேல்தான் படிந்திருக்கிறது. தவிர, அது கோழை இருமலுக்கான இலை. கர்ப்பிணிகளுக்கு ஆகவே ஆகாது.

கோளாறு: தொண்டை தேவலை, ரத்த அழுத்தம் ஏறிவிட்டது

அதிமதுரத்தைப் பற்றி இத்தனை நல்லது சொன்ன பிறகு இதையும் சொல்ல வேண்டும். அதன் இனிப்புப் பொருளான கிளிசிரைசின் உடம்பில் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும். அழுத்தம் ஏறும், கால் வீங்கும். அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் அதைக் குடிக்க வேண்டாம். மற்றவர்களும் ஒரு வாரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விழுங்காமல் கொப்பளித்துத் துப்பலாம். அறுவை சிகிச்சைக்கு முன் அதிமதுர நீரால் கொப்பளித்தவர்களுக்கு மயக்கம் கொடுக்கும்போது மூச்சுக்குழாய்க்குள் குழாய் செருகுவதால் வரும் தொண்டை வலி குறைந்ததாக 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அழுத்தக்காரர்கள் கஷாயத்தில் அதிமதுரத்தின் இடத்தில் தேனை வைத்துக்கொண்டாலே போதும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் இஞ்சி, மஞ்சள் எல்லாவற்றையும் சமையல் அளவோடு விட வேண்டும்.

கைக்குழந்தைக்கு

ஒரு வயது நிரம்பும்வரை தேன் நாக்கில் தொட்டுவைக்கக்கூட வேண்டாம். சேனை தொட்டு வைக்கும் வழக்கம் உள்ள வீடுகளில் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள். தேனில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் அந்தச் சிறிய குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நஞ்சை உண்டாக்கும். அது அபூர்வம், ஆனால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. கொதிநீர்ச் சட்டிமேல் குழந்தையைக் குனியவைத்து ஆவி பிடிப்பதும் வேண்டாம், கொட்டிவிடும்.

கோளாறு: எல்லாம் சரியாகச் செய்தும் மூன்றாம் நாள் வலி கூடுகிறது

போன் டார்ச்சை எடுத்துக்கொண்டு கண்ணாடி முன் நின்று வாயைத் திறங்கள். பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது. மூக்கொழுகல், இருமல், தும்மல் சேர்ந்திருக்கும். ஒரு வாரத்தில் கஷாயத்தோடும் போகும், கஷாயம் இல்லாமலும் போகும். இருமலே இல்லாமல், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், கழுத்தின் முன்பக்கம் நெறிகட்டித் தொட்டால் வலி, டான்சில்மேல் வெள்ளைத் திட்டுகள் என்றிருந்தால் ஸ்ட்ரெப் பாக்டீரியாவாக இருக்கலாம். பெரியவர்களின் தொண்டை வலியில் பத்தில் ஒன்றும் குழந்தைகளிடம் பத்தில் மூன்றும் இந்த வகை. மிளகுக்கு அது மசியாது. கவனிக்காமல் விட்டால், குறிப்பாக ஐந்திலிருந்து பதினைந்து வயதுக்குள், மூட்டுவாதக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கக்கூடும். நம் நாட்டில் இன்னும் தொலையாத நோய் அது.

எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை, வாயைத் திறக்க முடியவில்லை, மூச்சில் சீழ்க்கைச் சத்தம், ஒரு பக்கம் மட்டும் உயிர்போகிற வலி, தொண்டையில் சாம்பல் நிறப் படலம் இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனை. குரல் கம்மல் மூன்று வாரத்தைத் தாண்டினாலும் காட்ட வேண்டும்.

அதே தென்காசிப் பையனுக்குத்தான் பிப்ரவரியில் இது வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோது இரண்டு டான்சிலிலும் தயிர் தெறித்ததுபோல் வெள்ளை. முந்தைய வருடம் மிச்சமான மூன்று ஆண்டிபயாடிக் மாத்திரைகளை டிராயரிலிருந்து எடுத்து வைத்திருந்தான். அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் அனுப்பினேன். பத்து நாளைக்கு எழுதிக்கொடுத்தார். மூன்றாம் நாளே வலி போய்விட்டது என்று மாத்திரையை நிறுத்தப் பார்த்தான், விடவில்லை. அந்தப் பத்து நாளும் உப்பு நீர்க் கொப்பளிப்பும் இரவில் நெய் விட்ட பாலும் உண்டு. சமையல் சோடா டப்பாவை மட்டும் என் வீட்டிலேயே வைத்திருக்கிறேன்.